பழைய பெயரே இருக்கட்டும்

அம்மாவை அலுவலகத்தில் ‘பத்து நிமிஷம்’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே மேடம், அக்கா. முதுகுக்குப் பின்னால் பத்து நிமிஷம். அம்மாவுக்கும் அது தெரியும். ஒருநாள் லிஃப்டில் யாரோ, பத்து நிமிஷம் வந்தாச்சா என்று பக்கத்து ஆளிடம் கேட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் நின்ற அம்மா, “இன்னும் அரை நிமிஷம் இருக்கு. மூணாவது மாடி வரணும்ல” என்றாளாம். கேட்டவர் அடுத்த வாரம் முழுக்கப் படிக்கட்டில்தான் ஏறினார்.

ஊருக்குக் குடிநீர் கொடுக்கும் அலுவலகம். மூன்றாவது மாடி நடைவழியின் கடைசி அறை சர்வர் அறை. அம்மா முப்பத்தொரு வருடம் அங்கே இருந்தாள். சேர்ந்தபோது சர்வர் எதுவும் இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை, கலங்கலாக வருகிறது என்று வரும் புகார்ச் சீட்டுகளைத் தட்டச்சு செய்கிற வேலை. ஆறாவது வருடம், இருந்த ஒரே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனார். மறுநாள் கம்ப்யூட்டர் எழவில்லை. அம்மா அதன் கையேட்டை எடுத்து இரண்டு நாள் படித்தாள். மூன்றாம் நாள் எழுப்பினாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை. அந்தப் பதவிக்கான கடிதம் வருவதற்கு மேலும் நான்கு வருடம் ஆனது.

ஒரு கம்ப்யூட்டர் முப்பத்து நான்கு சர்வர் ஆயிற்று. ஒவ்வொன்றிடமும் போய் நலம் விசாரிக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்கிற ஒரு மென்பொருள் வாங்கினார்கள். எது நிற்கிறது, எது விழுந்துவிட்டது, எதற்கு வயிறு நிரம்பிவிட்டது என்று பார்த்துச் சொல்லும். விழுந்ததை எழுப்பியும் விடும். அலுவலகத்தில் அதற்கு மேஸ்திரி என்று பெயர்.

மேஸ்திரிக்குச் சொந்த ஞாபகம் கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வேறொரு இயந்திரத்தில் இருக்கும் டேட்டாபேஸில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர அதற்கு ஐந்து வரிகள் வேண்டும்: எந்த இயந்திரம், எந்த வாசல், எந்த டேட்டாபேஸ், யார் பெயரில், என்ன பாஸ்வேர்டு. இந்த ஐந்து வரிகளைச் சரியாக வைத்திருப்பது அம்மாவின் வேலையில் பெரும்பகுதி. சின்ன வயதில் இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நானும் இதே துறைக்கு வந்தேன். சிரிப்பு போய்விட்டது.

பத்து நிமிஷம் என்ற பெயர் வந்த கதை இது. மேஸ்திரி புதிது. ஒரு மாலை அம்மா அந்த ஐந்து வரிகளில் ஒன்றை மாற்றினாள். திரையில் ‘கனெக்ஷனைச் சோதி’ என்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினாள். பச்சை. கைப்பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் காலை புகார் கவுண்டரில் ஒரு திரையும் வேலை செய்யவில்லை. ஒரு சர்வர் காலையிலேயே விழுந்திருக்கிறது, மேஸ்திரிக்கு அதுகூடத் தெரியவில்லை. காரணம் எளிது. பட்டனை அழுத்தியது அம்மா. ஆகவே அது அம்மாவின் லாகினில் போய்ப் பார்த்துவிட்டுப் பச்சை காட்டியது. மேஸ்திரி வேலை செய்வது அதன் சொந்த லாகினில். அதற்கு அந்த வாசல் திறக்கவே இல்லை. அன்றிலிருந்து அம்மா அந்தப் பட்டனை நம்பவில்லை. எதை மாற்றினாலும் அதை நிறுத்தி, மறுபடி எழுப்பி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பார்ப்பாள். கீபோர்டைத் தொடமாட்டாள். போன் அடித்தாலும் எடுக்கமாட்டாள். முடிந்ததும் நோட்டில் இரண்டு நேரத்தையும் எழுதி ஒரு டிக் போடுவாள். பத்தரை, பத்து நாற்பது, டிக்.

வீட்டிலும் அப்படித்தான். குழாய்க்கு வாஷர் மாற்றினால் எதிரே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். என்னை முதல்முறை விடுதியில் விட்டபோது, அப்பா வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஹார்ன் அடிக்க அடிக்க, அம்மா கேட்டருகே நின்றிருந்தாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பத்து நிமிஷம் கழித்துத்தான் ஏறினாள்.

அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். சர்வர் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த அறை குளிராக இருக்கும், அதனால் அம்மாவுக்குச் சளி பிடிக்கும். “நான் வெயில்ல வெந்தேன், உங்கம்மா ஃப்ரிட்ஜுக்குள்ள வேலை பார்த்தா. நடுவுல நீ சரியா வெந்து வந்துட்ட” என்பார்.

ஆறு வாரத்தில் முடிந்துவிட்டது. ஒரு காலை அம்மா கரண்டியைக் கேட்பதற்குப் பதிலாக ஏணியைக் கேட்டாள். சிரித்தோம். மறுநாள் என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்றாம் நாள் மருத்துவமனை. தலைக்குள் கட்டி. டாக்டர் பொறுமையானவர். இந்த வகை மிக வேகமாக வளரும், வாரக்கணக்குத்தான், முன்பே கண்டுபிடித்திருக்க வழியில்லை என்றார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்: குழப்பம் முதலில் எப்போது தெரிந்தது?

நான் ஏணியைச் சொன்னேன். அப்பா குறுக்கிட்டார். அதற்கும் இரண்டு மாதம் முன்னால் ஒருநாள், வேலையிலிருந்து திரும்பிய அம்மா இரண்டாவது மாடியிலேயே லிஃப்டை விட்டு இறங்கி, அடுத்தவர் வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தாளாம். எங்கள் வீடு நான்காவது மாடி. அப்பா படியேறி வரும்போது பார்த்து, என்ன, புது வீடு பார்த்துட்டியா என்று கேலி செய்தாராம். அம்மாவும் சிரித்தாளாம். தேதிகூட அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றுதான் அவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பல் டாக்டர் சீட்டில் பதினான்காம் தேதி என்று இருந்தது.

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். “அப்பவே வந்திருந்தா…” என்று ஆரம்பித்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த வாக்கியத்தின் மிச்சம் எங்கள் வீட்டில் குடிவந்துவிட்டது. அம்மா போனாள். இயந்திரங்களை நர்ஸ் நிறுத்திய பிறகு அப்பா எழுந்திருக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகு அவர் தூங்கவில்லை. கட்டிலில் படுப்பார், கண் திறந்தே இருக்கும். ஒரே ஒரு முறைதான் சொன்னார்: “நான் சிரிச்சேன்மா. கூட்டிட்டுப் போயிருக்கணும்.” பதினான்காம் தேதி நானும்தான் போனில் அம்மாவிடம் பேசினேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகத்திலிருந்து போன். அம்மாவின் இடத்துக்கு வந்திருந்தவர். கிளை அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வந்த நாற்பது வயதுக்காரர். முதல் நாள் பளபளவென்று ஷூ போட்டு வந்து, யாராவது உட்காரச் சொல்வார்கள் என்று வாசலிலேயே நின்றாராம். அன்று முதல் அவர் பெயர் மாப்பிள்ளை. சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தார். அக்காவின் நோட்டு வீட்டில் இருக்கிறதா? அதில் ஒரு பாஸ்வேர்டு இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மின்வேலைக்காக எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். திரும்ப எழுப்பியதில் முப்பத்து நான்கும் எழுந்துவிட்டன, மேஸ்திரி மட்டும் எழவில்லை. டேட்டாபேஸ் இருக்கும் இயந்திரத்தையே காணோம் என்கிறது.

என்ன காரணமாம் என்று கேட்டேன். தயங்கினார்.

“அக்காவைக் குறை சொல்றதா நெனைக்காதீங்க. ஃபைல்ல பழைய மெஷின் பேருதாங்க இருக்கு. நாலு மாசம் முன்னாடியே டேட்டாபேஸைப் புது மெஷினுக்கு மாத்தியாச்சு. மாத்தினது அக்காதான். ஆனா மேஸ்திரிகிட்ட சொல்ல மறந்துட்டாங்கபோல.”

எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்று கேட்டேன். அவர் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பதினான்கு என்றார்.

நோட்டு அம்மாவின் கைப்பையில்தான் இருந்தது. நீல அட்டை, முனைகள் நைந்தது. மூன்று வாரமாக அந்தப் பையை நாங்கள் திறக்கவில்லை. நாற்காலியில் மாட்டியபடியே இருந்தது. நோட்டின் பின்னட்டைக்குள் ஒட்டிய உறை ஒன்று. பாஸ்வேர்டு அதில் இருக்கும். நான் பதினான்காம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன்.

மற்ற பக்கங்கள் கட்டம் கட்டமாக இருந்தன. என்ன மாற்றம், இரண்டு நேரம், டிக். இந்தப் பக்கத்தில் மேலே 11.40, 11.50, டிக். அதன் கீழே ஒரு வரி: ‘பழைய பெயரே இருக்கட்டும்.’ அதன் கீழே வட்டம் போட்ட 11. அதற்கும் கீழே, பேனா எழுதுகிறதா என்று பார்ப்பதுபோல், சின்னச் சின்னதாய்ச் சாய்ந்த கோடுகள். வேறு எதுவும் இல்லை.

பழைய பெயர் ஏன் இருக்க வேண்டும்? இயந்திரம் புதிது. பெயரும் புதிதாக இருக்க வேண்டும். பதினோராம் வகுப்பு மாணவிகூட இந்தத் தப்பைச் செய்யமாட்டாள். அம்மா செய்திருக்கிறாள். செய்துவிட்டு அதை நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறாள். அன்று மாலை இரண்டாவது மாடியில் இறங்கியிருக்கிறாள்.

அப்படியானால் டாக்டர் விழுங்கிய வாக்கியம் சரி.

நோட்டோடு நான் கிளம்புவதைப் பார்த்து அப்பாவும் எழுந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். நான் ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் அவரது வலது கால் தானாக பிரேக்கை மிதிக்கும், வாய் தானாகக் குறை சொல்லும். அன்று கால் மட்டும் மிதித்தது. வாய் பேசவில்லை. அலுவலக வாசலில், நான் இங்கேயே இருக்கிறேன் என்றார். மேலே வர அவருக்கு விருப்பமில்லை என்று புரிந்தது.

சர்வர் அறையில் அம்மாவின் ஸ்வெட்டர் இன்னும் நாற்காலியின் முதுகில் இருந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியில் உட்காரவே இல்லையா என்று கேட்டேன். “ஸ்வெட்டரை எங்க வைக்கறதுன்னு தெரியலைங்க” என்றார்.

பிரிவுத் தலைவரும் வந்தார். அம்மாவோடு இருபது வருடம் வேலை பார்த்தவர். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிறது. அவர் பிரச்சினை வேறு. பழைய இயந்திரத்தைப் போன வாரம் துடைத்துச் சுத்தம் செய்து வாங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேஸ்திரி நான்கு மாதமாக அதில்தான் எழுதிக்கொண்டிருந்தது என்றால் நான்கு மாதப் பதிவுகளும் போயே போச்சு. எந்த சர்வர் எப்போது விழுந்தது, யார் எதை மாற்றினார்கள், ஒன்றும் இருக்காது. மேலிடத்துக்கு அறிக்கை தர வேண்டும். எழுதியும் வைத்திருந்தார். தாளை என் பக்கம் திருப்பினார். ‘முன்னாள் நிர்வாகியின் கவனக்குறைவால்’ என்று ஒரு வரி.

“எனக்கு மட்டும் ஆசையாம்மா? ஆனா காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதைக் காலியா விட முடியாது.”

ஒரு மணி நேரம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். மணியைப் பார்த்தார். “பன்னெண்டு வரைக்கும் நான் கீழ டீ குடிச்சிட்டிருப்பேன். எனக்கு எப்பவும் டீ ஆறித்தான் குடிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வெளி ஆள். அந்த அலுவலகக் கீபோர்டைத் தொட எனக்கு உரிமை இல்லை. நான் சொல்ல, மாப்பிள்ளை தட்டினார். உறையைக் கிழித்து பாஸ்வேர்டைக் கொடுத்தேன். மேஸ்திரியின் அமைப்புத் திரையில் ஒரு எழுத்தை மாற்றவும் பாஸ்வேர்டைப் புதிதாகக் கேட்கும். அதனால்தான் அவரால் எதையும் திருத்த முடியவில்லை. இப்போது திருத்திவிடலாமா என்று விரலைத் தூக்கினார். பழைய பெயரை அழித்துப் புதிய பெயரைப் போட்டால் மேஸ்திரி எழுந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

வேண்டாம் என்றேன். முதலில் மேஸ்திரியை விட்டுவிட்டு, நேராகப் புதிய இயந்திரத்தின் டேட்டாபேஸுக்குள் போய்ப் பார்க்கச் சொன்னேன். அம்மா எதுவரை நகர்த்தினாள் என்று தெரிய வேண்டும். பதினான்காம் தேதி வரை பதிவுகள் இருக்கும், அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். அதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும்போல இருந்தது.

உள்ளே போனார். கடைசிப் பதிவைக் கேட்டார். வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, காலை 5.58.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நேற்று மின்வேலைக்காக எல்லாவற்றையும் நிறுத்தியது ஆறு மணிக்கு. அதற்கு இரண்டு நிமிடம் முன்புவரை மேஸ்திரி புதிய இயந்திரத்தில்தான் எழுதியிருக்கிறது. நான்கு மாதமும் இருந்தது. ஒரு நாள்கூடக் குறையவில்லை.

“அப்ப எதுவும் போகலைங்களா?” என்றார் மாப்பிள்ளை. அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. பிறகு நெற்றி சுருங்கியது. “ஃபைல்ல பழைய பேரை வெச்சுக்கிட்டு இது எப்படிங்க புதுசுல எழுதுச்சு?”

எனக்கு அந்த நிமிடம் புரிந்துவிட்டது. பெயர்ப் பட்டியலைத் திறக்கச் சொன்னேன்.

இயந்திரங்களுக்கு உண்மையில் எண்தான் முகவரி. பெயர் நம் வசதிக்கு. எந்தப் பெயருக்கு எந்த எண் என்று ஒரு பட்டியல் அலுவலகத்துக்குள் இருக்கும். போனில் ‘அக்கா’ என்று சேமித்து வைத்திருக்கிறோம். அக்கா நம்பரை மாற்றிவிட்டால் அதே பெயரில் புது நம்பரைப் போட்டுக்கொள்கிறோம். கூப்பிடுகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. அம்மா அதைத்தான் செய்திருக்கிறாள். பட்டியலின் வரலாறு திரையில் வந்தது. நான்கு மாதம் முன், பதினான்காம் தேதி, காலை 11.38: பழைய பெயர் இனிப் புதிய இயந்திரத்தைக் காட்டும். செய்தவர்: அம்மாவின் லாகின். இரண்டு நிமிடம் கழித்து மேஸ்திரியை நிறுத்தி எழுப்பியிருக்கிறாள். 11.40. நோட்டில் இருக்கும் நேரம்.

அதற்கு மேலே இன்னொரு வரி. போன செவ்வாய்க்கிழமை, மாலை 4.52. பழைய பெயர் நீக்கப்பட்டது. செய்தவர்—

மாப்பிள்ளை திரையை நெருங்கிப் பார்த்தார். பிறகு பின்னால் சாய்ந்தார். ஸ்டூலுக்கு முதுகு இல்லை. விழப் பார்த்தார்.

“நான்தாங்க. நான்தான் அழிச்சேன்.”

“மெஷினையே திருப்பி அனுப்பியாச்சு. காலி வீட்டுக்கு எதுக்குப் பெயர்ப்பலகைன்னு எடுத்துட்டேன். சுத்தமா வெச்சுக்கலாம்னு. எடுத்த பிறகும் எல்லாம் நல்லாத்தானே ஓடுச்சு. அஞ்சு நாள் ஓடுச்சுங்க.”

ஓடும். ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு நம்பர் தேவையில்லை. இணைப்பை வைத்துவிட்டு மறுபடி கூப்பிடும்போதுதான் தேவை. ஞாயிற்றுக்கிழமை நிறுத்தியபோது மேஸ்திரி போனை வைத்தது. எழுந்து கூப்பிட்டபோது பெயர் இல்லை. அவர் செவ்வாய்க்கிழமையே எதையாவது நிறுத்தி எழுப்பிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அதற்குத்தான் அந்தப் பத்து நிமிஷம். இதை நான் சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொண்டார்.

பிறகு கேட்டார். மாற்றியது சரி, அக்கா ஏன் இப்படிச் சுற்றி வளைத்தார்? ஐந்து வரியில் ஒரு வரி. நேராகப் புதிய பெயரையே போட்டிருக்கலாமே.

நான் நோட்டை எடுத்தேன். பதினான்காம் தேதிக்கு முந்தைய பக்கங்கள். காலையில் அவசரத்தில் தாண்டிப் போனவை. இரண்டு வாரமாக அம்மா ஒரு பட்டியல் எழுதியிருக்கிறாள். தொட்டி மட்டம். புகார் ரசீது. மீட்டர் படிப்பு. வால்வு நேரம். அங்கங்கே யார் யாரோ எழுதிவிட்டு வேலையை விட்டுப் போன சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் நிரல்கள். எல்லாமே பழைய இயந்திரத்தின் பெயரை வயிற்றுக்குள் வைத்துத் தைத்தவை. திறந்து மாற்ற வழியில்லாதவை. ஒவ்வொன்றையும் எந்த அறையில், யார் மேசைக்கு அடியில் கண்டுபிடித்தாள் என்று எழுதியிருந்தாள். ஒன்று காவலாளி அறையில், சூடான தேநீர்க் குடுவைக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டரில். கடைசி எண் பதினொன்று.

மேஸ்திரிக்குப் புதிய பெயர் சொல்லியிருக்கலாம். இந்தப் பதினொன்றுக்கும் சொல்ல முடியாது. ஆகவே எல்லோருக்கும் பழைய பெயரே இருக்கட்டும்.

பிறகு அந்தக் கோடுகளை எண்ணினேன். பேனா எழுதுகிறதா என்று கிறுக்கியதாக நான் நினைத்த கோடுகள். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தால் அவை டிக்குகள். மிகச் சிறியவை, நெருக்கமானவை. பதினொன்று.

மேஸ்திரியை முடித்த பிறகு அம்மா அன்று இந்தப் பதினொன்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தி எழுப்பியிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்கிறாள். நூற்றுப் பத்து நிமிஷம். காவலாளி அறை முதல் மொட்டைமாடி அறை வரை, மாடி மாடியாக ஏறி இறங்கி. ஒன்றுகூட விடவில்லை. அதற்குப் பிறகு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, இரண்டாவது மாடியில் இறங்கிவிட்டாள். அன்று நானாக இருந்தால் பக்கத்துத் தெருவிலேயே இறங்கியிருப்பேன்.

ஒரு டாக்டருக்கு இது ஆதாரம் ஆகாது. எனக்கு ஆகும். தலைக்குள் கட்டி இருக்கும் ஒருத்தியால் அந்த நாளை அப்படிச் செய்திருக்க முடியாது. நான் இந்த வேலையில் இருப்பவள். எனக்குத் தெரியும். நோய் ஏணியில்தான் ஆரம்பித்தது. நாங்கள் எதையும் தவறவிடவில்லை.

ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். மாப்பிள்ளை அதைத் தன்மேல் கோபம் என்று எடுத்துக்கொண்டார். சாரிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்று எழுந்து போனார். அது சுலபமான வேலை இல்லை. வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழியைப் போட ஒரு ஆள் ஏற்கெனவே இருந்தாள், அவளால் மறுத்துப் பேசவும் முடியாது. ஆனாலும் போனார்.

இருவரும் திரும்பி வந்தார்கள். தலைவர் திரையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“ஒரு பேரை அழிச்சு, பன்னெண்டு குடும்பத்துக்கு உலை வெச்சிருக்கியேய்யா. மேஸ்திரி ஒண்ணு, இதுங்க பதினொண்ணு. இதுங்கல்லாம் நேத்து எழுந்துச்சே, எப்படி?”

அதையும் பார்த்தோம். சர்வர்களும் கம்ப்யூட்டர்களும் எழுந்திருந்தன. உள்ளே அந்தப் பதினொரு நிரல்களும் எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை என்பதால், வழக்கமான மந்தம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். காவலாளி மட்டும் தன் கம்ப்யூட்டர் சரியில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். குடுவையைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைக்காதே என்று இவர் அவரைத் திட்டி அனுப்பியிருக்கிறார்.

மாப்பிள்ளை பெயரைப் பட்டியலில் திரும்பச் சேர்த்தார். பழைய பெயர், புதிய எண். பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. ‘அழிக்க வேண்டாம். பதினோரு நிரல்கள் இதை நம்பியிருக்கின்றன’ என்று எழுதச் சொன்னேன். இதை அம்மாவே அன்று எழுதியிருக்க வேண்டும். நோட்டில் எழுதினால் போதும் என்று நினைத்துவிட்டாள். அந்த நோட்டையும் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். உயிரோடு இருந்தால் இதற்காக அவளோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பேன்.

மேஸ்திரியை எழுப்பினார். திரையில் வட்டம் சுற்றியது. நின்றது. சர்வர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. முப்பத்து நான்கு. மாப்பிள்ளை மணியைப் பார்த்தார். கீபோர்டைத் தள்ளி வைத்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். தலைவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஏசி சத்தம் மட்டும். நடுவில் தலைவரின் போன் அடித்தது. சட்டைப்பைக்குள்ளேயே அடித்து ஓய்ந்தது. பத்து நிமிஷம் ஆனது. எல்லாம் பச்சையாகவே இருந்தது.

“இத்தனை வருஷமா கிண்டல் பண்ணிட்டு, இன்னைக்குத்தான் முழுசா உட்கார்ந்து பார்க்கிறேன்” என்றார் தலைவர்.

அறிக்கையில் அந்த வரியை அடித்தார். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று மாப்பிள்ளையையே கேட்டார். தன் பெயரை எழுதச் சொன்னார் மாப்பிள்ளை. தலைவர் கொஞ்சம் யோசித்து, ‘குறிப்பேடு அலுவலகத்தில் இல்லாததால் ஒரு பெயர் தவறுதலாக நீக்கப்பட்டது, சரிசெய்யப்பட்டது, பதிவுகள் எதுவும் இழக்கப்படவில்லை’ என்று எழுதினார். அது நியாயமான வரி. அம்மாவுக்கும் அதில் பங்கு இருந்தது, மாப்பிள்ளைக்கும் இருந்தது. இருவருமே அதைத் தாங்கக்கூடியவர்கள்.

நோட்டு அங்கேயே இருக்க வேண்டும் என்றார். தெரியும் என்றேன். கொடுப்பதற்கு முன் பதினான்காம் தேதிப் பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை அம்மாவின் கடைசிக் கட்டத்துக்குக் கீழே தன் முதல் கட்டத்தைப் போட்டார். 11.31, 11.41, டிக். பிறகு பதினொன்றையும் எழுப்பக் காவலாளி அறைக்குக் கிளம்பினார். போகும்போது, குடுவைக்காரரிடம் மன்னிப்பும் கேட்கணும் என்று முணுமுணுத்துக்கொண்டார்.

கீழே அப்பா காரின் முன் இருக்கையில் நான் விட்டுப் போனபடியே இருந்தார். படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிக் கோடுகளை எண்ணச் சொன்னேன். விரல் வைத்து எண்ணினார். ஒவ்வொன்றுக்கும் அம்மா பத்து நிமிஷம் உட்கார்ந்தாள் என்றேன். பல் பிடுங்கிய அதே நாள் என்றேன். அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பதினொண்ணா?”

“பதினொண்ணு. மேஸ்திரியையும் சேர்த்தா பன்னெண்டு.”

“அப்ப ரெண்டாவது மாடியில…”

“அசதிப்பா. வேற ஒண்ணும் இல்ல. அன்னைக்கு அம்மா தலை நல்லா வேலை செஞ்சிருக்கு. நம்ம ரெண்டு பேர் தலையையும் விட நல்லா.”

அவர் போனைத் திருப்பித் தந்தார். ஜன்னலைப் பார்த்தார். கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். “அதான் பார்த்தேன். நான் கேலி பண்ணதும் அவ என்ன சொன்னா தெரியுமா? உங்க வாயில பல்லு போச்சு, என் கால்ல உயிரு போச்சு, யாரு யாரைக் கேலி பண்றதுன்னா. நானும் அதை மறந்தே போயிட்டேன் பாரு.”

வண்டியை எடுத்தேன். முதல் சிக்னலில் அவர் கால் பிரேக்கை மிதித்தது. க்ளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே, தேய்ந்துவிடும் என்றார். இரண்டாவது சிக்னலில் கால் அசையவில்லை. திரும்பிப் பார்த்தேன். தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் வண்டி ஓட்டியவர். ஓடுகிற வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

வீட்டு வாசலில், மர நிழலாகப் பார்த்து நிறுத்தினேன். அவரை எழுப்பவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.